எலி வெட்டாத சட்டைகள்

டெய்லர் சட்டையை மேஜைமேல் விரித்து, கிழிசலின் இரண்டு ஓரங்களையும் கட்டைவிரல்களால் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துணியை முகத்தருகே கொண்டுபோனார். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டாம். தூரத்தில் இருப்பதற்குத்தான் வேண்டும்.

"இது கிழிஞ்சது இல்ல சிஸ்டர்," என்றார். "வெட்டினது."

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நர்ஸ் மடியிலிருந்த ஹெல்மெட்டை இந்தப் பக்கம் திருப்பி, மறுபடி அந்தப் பக்கம் திருப்பினாள்.

"எலி கடிச்சிருக்கும்ணா. வீட்ல எலித் தொல்லை. எங்க வீட்டுக்காரர் கூண்டுகூட வாங்கி வெச்சிருக்கார்."

"மாட்டிச்சா?"

"இன்னும் இல்ல."

"மாட்டாது. இவ்வளவு நேரா வெட்டணும்னா அந்த எலிகிட்ட ஸ்கேல் இருக்கணும்." கிழிசலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "பிளேடு. புது பிளேடு. போன தடவை பாக்கெட், அதுக்கு முந்தி அக்குள், அதுக்கு முந்தி காலர். காலர் வெட்டினப்போ கை கொஞ்சம் நடுங்கியிருக்கு. இப்ப பழகிடுச்சு."

சுவரோரம் பாயில் உட்கார்ந்து பட்டன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த டெய்லரின் மனைவியின் கை நின்றது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நர்ஸிடம் அவள் கணவன்கூட இவ்வளவு சரியாக எதையும் கண்டுபிடித்ததில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதர், பீரோவுக்குப் பின்னால் வைத்த கூண்டைத் தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கில்லாடி எலி" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

கிழிந்த துணி எதற்காக என்பது கடையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கிழிப்பது யார் என்பது மட்டும் தன்னோடு இருப்பதாக நர்ஸ் நினைத்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டெய்லரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது அவளுக்குப் பகல் ஷிஃப்ட். இருபது படுக்கை ஆஸ்பத்திரி அது. சுற்றியுள்ள நாற்பது கிராமங்களுக்கும் அது ஒன்றுதான். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று வருகிறவர்களுக்கு அங்கே ஒரு தனிப் படுக்கை உண்டு. வராந்தாப் படுக்கைகளில் ஒன்று, மருந்து வாங்கும் ஜன்னலுக்கு நேர் எதிரே. கண்காணிக்க வசதி என்று யாரோ எந்தக் காலத்திலோ போட்டது. நர்ஸ்களுக்கு வசதியோ இல்லையோ, மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு நல்ல வசதி. பொழுதும் போகும், புத்தியும் சொல்லலாம். இருமல் மருந்துக்கு வந்தவர், "பொண்டாட்டி முகத்தை நினைச்சுப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு நகர்வார். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டெய்லர் ஒவ்வொரு காரணம் சொன்னார். ஒருவரிடம் வயிற்று வலி என்றார். இன்னொருவரிடம் தூக்கமில்லை என்றார். மூன்றாவது ஆளிடம், "நீங்க சொல்லுங்க, எதுன்னா நல்லா இருக்கும்?" என்று கேட்டாராம்.

நர்ஸும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றவள்தான், சீருடை போட்டுக்கொண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணை, அதே படுக்கையில், நல்லதுக்குத்தான் என்று நினைத்துக் கால் மணி நேரம் திட்டினாள். எட்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணை மறுபடி கொண்டுவந்தார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் நர்ஸைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும்வரை அந்தப் பக்கமிருந்து திரும்பவே இல்லை. பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ முதுகுகளுக்கு மருந்து தடவியிருக்கிறாள். அந்த ஒரு முதுகுதான் மறக்கவில்லை.

டெய்லர் இரண்டாம் நாள் கண்ணை இடுக்கி இடுக்கி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் காரணம் எதுவும் கேட்கவில்லை. "கண்ணாடி போடறவரா நீங்க?" என்றாள். கொண்டுவந்த அன்றே கண்ணாடியைக் கழற்றி ஒரு கவரில் போட்டு அலுவலக அலமாரியில் வைத்துவிட்டார்கள். இரண்டு நாளாக அந்த மனிதருக்கு முகமில்லாத குரல்கள் புத்தி சொல்லிக்கொண்டிருந்தன. அவள் கண்ணாடியைத் தேடிக் கொண்டுவந்து, சீருடையின் ஓரத்தால் துடைத்துக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். கடைசியில் அவளுடைய தோளைப் பார்த்து, "லெஃப்ட் ஷோல்டர் அரை இஞ்ச் இறங்கியிருக்கு. யார் தெச்சது?" என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அவராக வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்த வருடம் வந்த புது டாக்டரம்மா ஒரு வழக்கத்தை ஆரம்பித்திருந்தார். இப்படி வருகிறவர்கள் யாரும் தேதி இல்லாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. எந்த நாள், யார், அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதின நாளில் போகவும் வேண்டும். "உடம்பைச் சரி பண்ணி அனுப்பிடறோம். அப்புறம் அவங்க எந்த வீட்டுலேருந்து வந்தாங்களோ அதே வீட்டுக்குத்தானே போறாங்க?" என்று அவர் கேட்டபோது மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். யார் போவது என்று கேட்டபோது தலைகள் நின்றுவிட்டன. கையைத் தூக்கியது இவள்.

முதல் தடவை ஆஸ்பத்திரி ஜீப்பில் போனாள். அது பெரிய தப்பு. பக்கவாட்டில் சிவப்பு எழுத்தோடு ஜீப் கடை முன்னால் நின்றதும் எதிரே இருந்த டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். அவருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். மூன்று வேளையும் செய்தி, இடையிடையே சிறப்புச் செய்தி. "மறுபடியுமா?" என்று ரேடியோ கேட்டு முடிப்பதற்குள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். டெய்லரின் மனைவி ஷட்டரை இறக்கிவிட்டாள். இறக்குவதற்கு முன் நர்ஸைப் பார்த்த பார்வையில் ஏச்சு எதுவும் இல்லை, அலுப்புதான் இருந்தது.

அடுத்த தடவை நர்ஸ் தன் ஸ்கூட்டரில், சாதாரண உடையில், கூடையில் மூன்று கிழிந்த துணிகளோடு வந்தாள். தையல்காரரிடம் தைக்க வருகிறவளை யார் என்ன கேட்க முடியும்? டெய்லர் தைத்துக்கொண்டிருக்க, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்பாள். அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல், "அந்த நினைப்பு திரும்ப வந்துச்சா?" என்றும் கேட்பாள். முதல் முறை அதைக் கேட்டபோது மனைவி கையிலிருந்த டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள். கடை முழுக்கப் பட்டன் உருண்டது. டெய்லர் மட்டும் மெஷினை நிறுத்தாமல், "செவ்வாய்க்கிழமை வந்துச்சு. போயிடுச்சு," என்றார், ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் வந்து போனதைப் போல. அன்றைக்கே தூக்க மாத்திரையின் அளவு, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வரும் நாள், செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தால் கூப்பிட வேண்டிய எண் எல்லாம் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதப்பட்டன.

கிழிந்த துணிதான் வேண்டும், புதுத் துணி கூடாது என்பதற்குக் காரணம் கத்தரிக்கோல். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் மூன்றாவது வரி: கூர்மையான பொருட்கள் அனைத்தையும் அப்புறப்படுத்தவும். டெய்லர் செய்ய முயன்றதற்கும் கத்தரிக்கோலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தமுள்ளதை மனைவி அன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றிவிட்டாள். ஆனாலும் தாளில் 'அனைத்தையும்' என்று இருக்கிறதே. கடையிலிருந்த மூன்று கத்தரிக்கோல்களையும் பழைய தலையணை உறையில் சுற்றி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மெஷின் ஊசியை என்ன செய்வது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, அதை மட்டும் விட்டுவைத்தாள். அதுவரை போய்க்கொண்டிருந்த பிஸ்கட் கம்பெனி வேலையையும் நிறுத்திவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்தாள். டெய்லர் தைத்து முடித்து "நூல்" என்பார். அவள் எழுந்து வந்து சாவிக்கொத்தில் தொங்கும் நகவெட்டியால் நூலை வெட்டிவிட்டுப் போய் உட்காருவாள். ஒரு நாளைக்கு நூறு தடவை. மற்ற நேரமெல்லாம், ஏற்கெனவே பிரித்து வைத்த பட்டன்களை ஒன்றாகக் கொட்டி மறுபடி பிரிப்பாள். இரண்டு ஓட்டை ஒரு பக்கம், நான்கு ஓட்டை ஒரு பக்கம்.

வெட்ட முடியாத டெய்லருக்குக் கிழிசல் தைக்கிற வேலைதான் மிஞ்சும். நர்ஸ் வீட்டில் கிழிந்த துணி இரண்டாவது தடவையோடு தீர்ந்துபோயிற்று. "உங்க வீட்டுக்காரர் முள்வேலிக்குள்ளயா வேலை பாக்கறார்?" என்று ரேடியோ ஒரு நாள் கேட்டார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அன்றிரவு கணவனிடம், "தபால் ஆபீஸ்ல ஆணி ஏதாவது நீட்டிட்டு இருக்கா?" என்று முன்ஜாமீன் மாதிரி கேட்டு வைத்தாள்.

இப்போது குட்டு உடைந்துவிட்டது. நர்ஸ் முதலில் சிரித்தாள். மனைவி பாயிலிருந்தே, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தாள். டெய்லர் மட்டும் வெட்டுக்கு அடியில் ஒட்டுத்துணி வைத்து மெஷினை மிதித்தார்.

"எப்பலேருந்து தெரியும்ணா?"

"மூணாவது தடவைலேருந்து."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. என் மானம் கொஞ்சம் மிச்சமாயிருக்கும்."

"சொன்னா கிழிக்க மாட்டீங்க. கிழிக்கலன்னா எதைத் தூக்கிட்டு வருவீங்க?" தையல் ஓடி முடிந்தது. "நூல்," என்றார்.

மனைவி எழுந்து வந்து நகவெட்டியை நூலில் வைத்தாள். அது மழுங்கிப்போயிருந்தது. இரண்டு தடவை அழுத்தியும் நூல் அறவில்லை. டெய்லர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "ஒண்ணே ஒண்ணு. சின்னதாவது குடேன். கல்யாணச் சட்டை தெச்ச கை இது. எலி வெட்டினதுக்கு ஒட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"தாள்ல போட்டிருக்கு," என்றாள் மனைவி. காலண்டருக்குப் பின்னால் கையை விட்டு அந்தத் தாளை எடுத்தாள். நான்காக மடித்து, மடிப்பில் செலோடேப் ஒட்டியிருந்தது. "சிஸ்டரே சொல்லட்டும். அனைத்தையும்னு போட்டிருக்கா இல்லையா?"

போட்டிருந்தது. போட்டது நர்ஸ்தான். ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவளே தட்டிய தாள். யார் வீட்டில் எது ஆபத்து, யார் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல், எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை. இந்தக் கடையில் அதைப் படிக்கக் கேட்டபோது, அவளுடைய இடது தோள் இன்னும் அரை இஞ்ச் இறங்கியது.

"அந்த வரியைத் தப்பா எழுதிட்டேன்க்கா," என்றாள். "அதை எழுதறப்போ உங்களைக் கேட்டிருக்கணும்."

"என்னை யார் என்ன கேட்டாங்க?" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "மூணு நாள் ஆஸ்பத்திரில இருந்தேன். கையெழுத்துக் கேட்டாங்க, ஆதார் கேட்டாங்க. டிபன் பாக்ஸை அங்க வைக்காதன்னு சொன்னாங்க. எனக்கு பயமா இருக்கான்னு யாரும் கேக்கல. இந்தத் தாள் ஒண்ணுதான் கைல குடுத்தாங்க. அதைத்தான் பிடிச்சுட்டு நிக்கறேன்."

நர்ஸ் நினைத்திருந்தால், பயப்பட ஒன்றுமில்லை, கத்தரியைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னால் மனைவி கேட்டிருப்பாள். ஆனால் ராத்திரி முழித்துக்கொண்டு அவர் மூச்சு வருகிறதா என்று பார்க்கப்போவது நர்ஸ் இல்லை. அவள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, பாயில் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இப்பக் கேக்கறேன். எது இருந்தா உங்களுக்குத் தூக்கம் வரும்?"

மனைவி ஒரு பட்டனை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "செவ்வாய்க்கிழமை வந்துச்சு போயிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்றார். என்கிட்ட சொல்லல. பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். அன்னைக்கு மட்டும் எனக்குத் தெரியணும். தெரிஞ்சா மத்த நாள் நான் வேலைக்குப் போவேன்."

டெய்லர் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தார். "சொல்ல வராதும்மா," என்றார். "அன்னைக்கு வாய் திறக்கறதே மூட்டை தூக்கற மாதிரி இருக்கும். சொன்னா, ஏன்னு கேப்ப. ஏன்னு எனக்கே தெரியாது."

"நான் கேக்கலன்னா?"

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் இரு முனைகளையும் பிடித்துச் சமமாக்கினார். காலையில் பல் தேய்த்ததும் அதைக் கழுத்தில் போட்டால், சாப்பிடும்போதுகூடக் கழற்றாத மனிதர். "இது கழுத்துல இருந்தா சரி," என்றார். "ஆணில மாட்டியிருந்தா, அன்னைக்கு அந்த நாள். கேக்காத. கூட உக்காரு. போதும்."

மனைவி சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தாள். காலண்டர் மாட்டியிருந்த ஆணி. எழுந்து காலண்டரை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

இருபது நிமிடத்தில் தலையணை உறையோடு திரும்பினாள். டெய்லர் முதலில் பெரிய கத்தரியை எடுத்தார். திறந்து மூடினார். காதருகே வைத்து மறுபடி திறந்து மூடினார். முகம் மாறியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அலகைப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"உங்க அக்கா இதுல என்ன வெட்டினாங்க?"

மனைவி காலித் தலையணை உறையை நான்காக மடித்தாள்.

"பால் பாக்கெட்டா?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்..."

"துணி வெட்டற கத்தரில பால் பாக்கெட்டா? இருபத்திரண்டு வருஷமா ஒரு காகிதம் படவிட்டிருப்பேனா இதுல? உங்க அக்கா வீட்ல பல்லு இல்லையா ஒருத்தருக்கும்? பாரு, மூக்கு மழுங்கிக் கெடக்கு. சாணை பிடிக்காம இனி கைக்குட்டைகூட வெட்ட முடியாது. நாளைக்கே போய்க் கேக்கறேன் அந்த அம்மாவை!"

எதிர்க் கடையில் ரேடியோ டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார். மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டிருந்தது. நர்ஸ் எழுந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு மாசமா இந்த மனுஷன் எதுக்கும் கோவப்படல சிஸ்டர்," என்றாள். "உப்பு இல்லாம சமைச்சுப் போட்டேன், அப்படியே சாப்பிட்டார். இப்பப் பாருங்க, எங்க அக்காவைத் திட்டறார்."

டெய்லர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். அக்காவில் ஆரம்பித்து அக்கா புருஷனுக்கு வந்திருந்தார்.

அந்த வாரமே நர்ஸ் தாளை மாற்றினாள். மூன்றாவது வரி இருந்த இடத்தில் வெறும் கோடுகள். எதை அகற்றவேண்டும் என்று அந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி எழுத வேண்டியது. அதற்குக் கீழே இன்னொரு கேள்வி: கூட இருப்பவருக்கு என்ன வேண்டும்? டாக்டரம்மா படித்துவிட்டு, "இதை நிரப்ப அரை மணி நேரம் ஆகுமே," என்றார். "ஆகும் டாக்டர்," என்றாள் நர்ஸ். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். பிறகு, ஆஸ்பத்திரி ஸ்டோரில் இரண்டு வருடமாகப் பச்சைத் துணி ஒரு பெரிய கட்டு கிடக்கிறது, வராந்தாப் படுக்கைகளுக்குத் திரைக்காக வாங்கியது, தைக்க உத்தரவு வராமல் கிடக்கிறது என்ற செய்தி வந்தது. உத்தரவைத் தேடி எடுக்க ஒரு வாரம். அது ஸ்டோர் கிளார்க்கின் சாப்பாட்டுப் பைக்கு அடியில் இருந்தது.

தைக்கும் வேலையை நர்ஸ் டெய்லருக்கு வாங்கிக் கொடுத்தாள். அவர் தானே ஆஸ்பத்திரிக்கு வந்து அளவெடுத்தார். மருந்து ஜன்னலுக்கு எதிரே அந்தப் படுக்கையின் பக்கத்தில் வந்ததும் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி மல்லாந்து படுத்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல் எட்டும் இடத்தை டேப்பில் குறித்துக்கொண்டார்.

"இங்க ஒரு பாக்கெட் வரும்," என்றார் நர்ஸிடம். "எல்லாத் திரைலயும். உள்பக்கமா."

"திரைக்கு எதுக்குண்ணா பாக்கெட்?"

"கண்ணாடி வைக்க."

எட்டுத் திரை. ஆறு முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் இப்போது பச்சைத் துணிக்குப் புத்தி சொல்ல முடியாமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். மனைவி பிஸ்கட் கம்பெனிக்கு மறுபடி போக ஆரம்பித்தாள். நர்ஸின் கணவர், எலி ஊரைவிட்டே போய்விட்டது என்று கூண்டைப் பரணில் போட்டார்.

மிச்சம் இரண்டு திரையை வாங்க நர்ஸ் ஒரு வியாழக்கிழமை காலை வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ரேடியோ சைகையில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாத மனிதர், தாழ்த்திப் பேசினார். "அந்தம்மா இன்னைக்கு வேலைக்குப் போகல. உள்ள மூணு டீ அனுப்பியிருக்கேன். உங்களுக்கும் சேத்துதான்."

கடைக்குள் டேப் ஆணியில் தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அதன் முனை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. டெய்லர் மெஷினில் இல்லை. பாயில், சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி பட்டன் டப்பாவைக் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெட்டி முடிக்காத பச்சைத் துணியும், அதன்மேல் சாணை பிடித்த பெரிய கத்தரியும் மேஜையில் இருந்தன. நர்ஸ் உள்ளே வந்ததும் மனைவியின் பார்வை ஒரு தடவை கத்தரிக்குப் போயிற்று. பிறகு பட்டனுக்குத் திரும்பியது. அவள் எழுந்திருக்கவில்லை.

நர்ஸ் மனைவிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எப்போதும் கேட்கும் அதே குரலில், "அந்த நினைப்பு இருக்காண்ணா?" என்றாள்.

அவர் தலையை இடவலமாக ஆட்டினார். "இல்ல. கனமா மட்டும் இருக்கு."

"சரி," என்றாள் நர்ஸ். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் ஒரு பிடி பட்டனை அள்ளித் தன் முன்னால் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள். டீ ஆறியது. வெளியே யாரோ ரேடியோவிடம் டெய்லர் கடை ஏன் சத்தமில்லாமல் இருக்கிறது என்று கேட்டார்கள். "ஸ்டாக் எடுக்கறாங்க," என்றார் ரேடியோ, "போய் அப்புறம் வாங்க."

வெகு நேரம் கழித்து டெய்லரின் கை மெதுவாக நீண்டு வந்தது. நர்ஸ் பிரித்து வைத்த இரண்டு ஓட்டைக் குவியலிலிருந்து ஒரே ஒரு பட்டனை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்து, மனைவியின் குவியலில் போட்டது.

"அது நாலு ஓட்டை," என்றார்.

மனைவி அவர் பக்கம் இன்னும் ஒரு பிடி பட்டனைத் தள்ளினாள்.